மெடோமவுண்ட் கோடை இசைப்பள்ளியும் தனிப்பாணியின் உருவாக்கமும்

மெடோமவுண்ட் இசைப்பள்ளி, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஆடிராண்டாக் மலைப்பகுதியில் கோடைக்காலத்தில் மட்டும் இயங்கும் இசைப் பயிலகம் ஆகும். வயலின் ஆசிரியர் இவான் கலாமியன் இதனை 1944ஆம் ஆண்டு தொடங்கினார். வயலின், வியோலா, செல்லோ, பியானோ ஆகிய கருவிகளைப் பயிலும் இளைஞர்கள் ஏழு வாரங்கள் இங்கே தங்கிப் பயிற்சி பெறுகின்றனர். இட்சாக் பெர்ல்மன், பிங்காஸ் சூக்கர்மன், கியுங் வா சுங், ஜோஷுவா பெல் முதலிய வயலின் கலைஞர்களும், செல்லோ கலைஞர் யோ யோ மாவும் இளமையில் இங்குப் பயின்றவர்கள்.

கடுமையான ஒழுங்கிற்குப் பெயர்பெற்ற பள்ளி இது. மாணவர்கள் பெரும்பாலும் ஒரே வகையான சுரவரிசைகளையும் வில் பயிற்சிகளையும் நாள்தோறும் பல மணி நேரம் செய்தனர். அப்படியிருந்தும் இங்கிருந்து வெளிவந்த கலைஞர்கள் ஒருவரைப் போல ஒருவர் வாசிக்கவில்லை. பொதுவான கடும் பயிற்சியிலிருந்து ஒருவருக்கே உரிய பாணி எவ்வாறு பிறக்கிறது என்ற வினா, இப்பள்ளியின் வரலாறு முழுவதிலும் தொடர்ந்து வருகிறது. அந்த வினாவிற்கு வெவ்வேறு விடை கண்ட இரு ஆசிரியர்கள் இறுதியில் பிரியவும் நேர்ந்தது.

தனிப்பாணி என்பது எது?

ஐரோப்பியச் செவ்வியல் இசையில் வாசிக்க வேண்டிய சுரங்கள் பெரும்பாலும் தாளில் எழுதப்பட்டுள்ளன. ஆகவே தனிப்பாணி என்பது சுரங்களை மாற்றுவது அன்று. எழுதப்பட்ட அதே சுரங்களை ஒலிக்கச் செய்யும் விதமே ஆகும்.

வயலினில் வில்லின் வேகம், வில்லை அழுத்தும் அளவு, தந்தியில் வில் படும் இடம் ஆகிய மூன்றும் நாதத்தைத் தீர்மானிக்கின்றன. வில் குதிரைக்கு அருகில் சென்றால் ஒலி செறிவும் கூர்மையும் பெறும். விரற்பலகைப் பக்கம் நகர்ந்தால் மென்மையாகும். இடக்கை விரலை அசைத்து உண்டாக்கும் அதிர்வு விப்ராட்டோ எனப்படுகிறது. அதன் வேகமும் அகலமும் கலைஞருக்குக் கலைஞர் வேறுபடும். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்வதா, தாவிச் செல்வதா என்பதும் பாணியின் ஒரு கூறு.

பியானோவில் நிலைமை வேறு. சுத்தியல் தந்தியைத் தட்டிய நொடியிலிருந்து ஒலி தேய்ந்துகொண்டே போகும். வயலினைப் போல ஒலித்துக்கொண்டிருக்கும் சுரத்தைப் பெருக்க முடியாது. ஆகவே பியானோ கலைஞர் கட்டைகளைத் தொடும் அழுத்தத்தாலும், ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்களில் எதை முன்னிறுத்துவது என்ற தேர்வாலும், பெடலைப் பயன்படுத்தும் முறையாலும், காலத்தைச் சற்றே நீட்டியும் சுருக்கியும் தம் பாணியை அமைத்துக்கொள்கிறார்.

இவான் கலாமியன்

கலாமியன் 1903ஆம் ஆண்டு பாரசீகத்தின் தப்ரீஸ் நகரில் ஓர் ஆர்மேனியக் குடும்பத்தில் பிறந்தார். குழந்தையாக இருந்தபோதே குடும்பம் மாஸ்கோவிற்குக் குடிபெயர்ந்தது. அங்கே கான்ஸ்டான்டின் மொஸ்ட்ராஸ் என்பவரிடம் வயலின் பயின்றார். ரஷ்யப் புரட்சிக்குப் பின்னர், பதினைந்து வயதில் சிறையில் அடைக்கப்பட்டார். அந்த இளைஞர் இசைக்குழுவிற்கு இன்றியமையாதவர் என்று போல்ஷோய் அரங்கின் மேலாளர் வாதாடியதால் விடுதலை பெற்றார்.

பின்னர் பாரிஸ் சென்று, வில் பயன்பாட்டில் வல்லவராகிய லூசியன் காப்பேயிடம் பயின்றார். காப்பே வில்லின் நீளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே பழகச் செய்தவர். ரஷ்ய மரபின் விரல் வன்மையும் பிரெஞ்சு மரபின் வில் நுட்பமும் கலாமியனிடம் இவ்வாறு ஒன்றுசேர்ந்தன. அவர் 1924இல் பாரிஸ் மேடையில் அறிமுகமானார். எனினும் மேடைப் பதற்றமும் உடல்நலக் குறைவும் இருந்தன; கற்பிப்பதில் நாட்டமும் மிகுந்திருந்தது. அதனால் மேடையை விட்டு முழுநேர ஆசிரியரானார். 1937இல் அமெரிக்காவிற்குச் சென்றார். 1944 முதல் பிலடெல்பியாவின் கர்டிஸ் நிறுவனத்திலும், 1946 முதல் நியூயார்க்கின் ஜூலியார்டு பள்ளியிலும் கற்பித்தார். 1981இல் மறையும்வரை ஆசிரியப் பணியைத் தொடர்ந்தார்.

இடமும் ஒழுங்கும்

நகரத்து மாணவர்களுக்குக் கோடை விடுமுறை ஒரு சிக்கலாக இருந்தது. ஆண்டு முழுவதும் கட்டியெழுப்பிய பழக்கம் இரண்டு மூன்று மாதங்களில் தளர்ந்துவிடும். இதற்குத் தீர்வாகவே கலாமியனும் அவர் மனைவி ஜூடித்தும் நகரிலிருந்து வெகுதொலைவில் ஓர் இடத்தைத் தேர்ந்தனர். பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடிய இனெஸ் மில்ஹாலண்டின் குடும்பத்திற்கு உரியதாக இருந்த மெடோமவுண்ட் பண்ணை வளாகமே அது.

அங்கே கவனத்தைக் கலைப்பவை குறைவு. எளிய மரக்குடில்களில் மாணவர்கள் தங்கினர். நாள்தோறும் நான்கு, ஐந்து மணி நேரம் தனியறையில் பயிற்சி செய்ய வேண்டும். ஐம்பது நிமிடம் பயிற்சி, பத்து நிமிடம் ஓய்வு என்பது வழக்கமான கணக்கு. கலாமியன் காலை முதல் மாலை வரை பாடம் நடத்தினார். இடையே குடில்களின் பக்கம் நடந்து சென்று, உள்ளே வயலின் ஒலிக்கிறதா என்று செவிகொடுத்துக் கேட்பார் என மாணவர்கள் பலர் நினைவுகூர்ந்துள்ளனர்.

பயிற்சி மிக மெதுவாக இருக்க வேண்டும் என்பதும் இப்பள்ளியின் மரபு. பாதையில் செல்பவர் கேட்டவுடன் இது இன்ன இசை என்று அறிந்துகொண்டால், அந்தப் பயிற்சி போதிய அளவு மெதுவாக நடக்கவில்லை என்று அங்கே சொல்வதுண்டு. ஒரு வரியைத் துண்டு துண்டாகப் பிரித்து, தாளத்தை மாற்றி மாற்றி வாசித்து, பிறகு ஒன்று சேர்ப்பர். குறுகிய காலத்தில் பிழையைக் கண்டறிந்து திருத்த இம்முறை உதவியது.

மூவகைப் பயிற்சி நேரம்

கலாமியனின் கருத்துகள் 1962இல் வயலின் வாசிப்பும் கற்பித்தலும் பற்றிய நூலாக வெளிவந்தன. அந்நூலில் பயிற்சி நேரத்தை அவர் மூன்றாகப் பிரிக்கிறார். முதலாவது, கட்டியெழுப்பும் நேரம். இதில் சுரவரிசை, விரல் வேகம், வில் கட்டுப்பாடு ஆகியவை பழகப்படும். இரண்டாவது, பொருள்காணும் நேரம். வாசிக்கும் இசையின் உணர்ச்சியையும் வடிவத்தையும் மாணவர் இதில் ஆராய்வார். மூன்றாவது, நிகழ்த்தும் நேரம். அவையோர் எதிரில் இருப்பதாகக் கருதி, எங்கும் நிறுத்தாமல் முழுவதையும் வாசித்துப் பழகுவது இது.

தனிப்பாணி பற்றிய அவருடைய விடை இந்தப் பிரிவினையிலேயே உள்ளது. முதல் நேரத்தில் மாணவர்களிடையே வேறுபாடு குறைவு. இரண்டாம் நேரத்தில்தான் ஒவ்வொருவரும் தனித்தனி வழியில் செல்லத் தொடங்குவர். முதல் நேரத்தைத் தவிர்த்தவருக்கு இரண்டாம் நேரத்தில் தோன்றும் எண்ணத்தை ஒலியாக்கும் ஆற்றல் இராது. முதல் நேரத்திலேயே தங்கிவிட்டவருக்குச் சொல்வதற்கு ஒன்றும் இராது. மனம் இடும் கட்டளையை உடல் உடனே நிறைவேற்றும் இணைப்பே நுட்பத்தின் திறவுகோல் என்று அவர் கருதினார்.

வில்லின் ஒலியை அவர் மொழியோடு ஒப்பிட்டார். நீண்டு ஒலிக்கும் நாதம் உயிரெழுத்தைப் போன்றது. சுரத்தின் தொடக்கத்தில் வரும் தெளிவான பற்றுதல் மெய்யெழுத்தைப் போன்றது. உயிர் மட்டும் ஒலித்தால் பேச்சு விளங்காது. மெய் மட்டும் ஒலித்தால் இனிமை இராது. பெரிய அரங்கில் தொலைவில் இருப்பவரையும் வாசிப்பு எட்ட வேண்டுமானால் இரண்டும் வேண்டும்.

ஆனால் கலாமியனிடம் ஒரு முரண்பாடும் இருந்தது. எல்லா மாணவருக்கும் ஒரே விதியைப் பொருத்துவது தவறு, கையின் அமைப்பும் மனமும் ஒவ்வொருவருக்கும் வேறு, எது இயல்போ அதுவே சரி என்பது அவர் எழுத்தில் காணும் கொள்கை. வகுப்பிலோ எந்தச் சுரத்திற்கு எந்த விரல், எந்த இடத்தில் வில்லைத் திருப்புவது என்பதை இசைத்தாளில் அவரே குறித்துக் கொடுப்பார். மாணவர் அதன்படியே வாசிக்க வேண்டும். விரலும் வில்லும் மாறினால் இசையின் பொருளே மாறும் என்பதால், இந்தக் குறிப்புகளும் ஒருவகையில் ஆசிரியரின் பாணியே.

ஓர் ஆசிரியர், இரு முதல் பரிசுகள்

கலாமியனின் மாணவர்கள் ஒரே வார்ப்பில் அமைந்தவர்களா என்பதற்கு 1967ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடந்த லெவன்ட்ரிட் போட்டி நல்ல சான்று. மூன்று ஆண்டுகளுக்கு முன், 1964இல், பெர்ல்மன் வென்ற அதே போட்டி இது. இறுதியில் எஞ்சியவர்களுள் இருவர் கலாமியனின் மாணவர்கள். இஸ்ரேலிலிருந்து வந்த பிங்காஸ் சூக்கர்மன் ஒருவர். கொரியாவிலிருந்து வந்த கியுங் வா சுங் மற்றவர். இருவரும் 1948இல் பிறந்தவர்கள். நடுவர்கள் முதல் பரிசை இருவருக்கும் பகிர்ந்தளித்தனர்.

இருவர் வாசிப்பிலும் வில்லின் உறுதியும் தெளிவும் பொதுவானவை. அதற்கு மேல் ஒற்றுமை குறைவு. சூக்கர்மனின் நாதம் அகன்றது, கனிந்தது. பிற்காலத்தில் அவர் வியோலாவையும் வாசித்து, இசைக்குழு நடத்துநராகவும் விளங்கினார். சுங்கின் வாசிப்பு வேகமும் தீவிரமும் கொண்டது. 1970இல் லண்டனில் சாய்க்கோவ்ஸ்கியின் கான்செர்ட்டோவை வாசித்து ஐரோப்பாவில் புகழடைந்தார். பெர்ல்மனின் இனிமையும் இயல்பான ஓட்டமும் இவ்விருவரிடமிருந்தும் வேறானவை. நான்கு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்ட அவர் அமர்ந்தே வாசிப்பவர். ஆசிரியர் தந்த கருவிகள் மூவருக்கும் பொதுவானவையே. அவற்றைக் கொண்டு எதைச் செய்வது என்பதை அவரவர் கண்டுகொண்டனர்.

டோரதி டிலேயின் வினாக்கள்

இப்படிக் கண்டுகொள்வதில் மற்றோர் ஆசிரியரின் பங்கும் உண்டு. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் 1917இல் பிறந்த டோரதி டிலே, 1948 முதல் ஜூலியார்டில் கலாமியனின் உதவியாளராக இருந்தார், மெடோமவுண்டிலும் கற்பித்தார். பெர்ல்மன் இவ்விருவரிடமும் பயின்றவர்.

கலாமியன் விடையைச் சொல்பவர்; டிலே வினாவை எழுப்புபவர். ஜி ஷார்ப் என்ற சுரம் சுருதி விலகி ஒலித்தால், அது தவறு என்று டிலே சொல்வதில்லை. அந்தச் சுரத்தைப் பற்றி உன் கருத்து என்ன என்று அன்போடு கேட்பாராம். பெர்ல்மன் பல பேட்டிகளில் இதனை நகைச்சுவையோடு கூறியுள்ளார். கேட்பதற்கு வேடிக்கையாகத் தோன்றினாலும் இதில் ஆழமான கற்பித்தல் முறை உள்ளது. தவறு என்று கேட்ட மாணவர் விரலை நகர்த்துவார், அவ்வளவே. கருத்தைக் கேட்கப்பட்ட மாணவர் தம் ஒலியைத் தாமே கேட்டாக வேண்டும். எது சரி என்பதற்குத் தம்முள் ஓர் அளவுகோலை உருவாக்கியாக வேண்டும். சொன்னதைச் செய்து பழகிய சிறுவர்களுக்கு இது தொடக்கத்தில் எரிச்சலூட்டியதும் உண்டு.

இரு முறைகளும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அருகருகே நடைபெற்றன. 1970இல் டிலே, இனிக் கோடைக்காலத்தை மெடோமவுண்டில் கழிக்காமல் கொலராடோ மாநிலத்தின் ஆஸ்பென் இசை விழாவில் கற்பிக்கப் போவதாக அறிவித்தார். கலாமியன் இதைத் தம்மைக் கைவிடும் செயலாகவே கொண்டார். அதன்பின் அவர்களின் உறவு சீரடையவில்லை. இருவரும் ஜூலியார்டில் தொடர்ந்து பணியாற்றியதால் பிளவின் தாக்கம் மாணவர்களையும் எட்டியது. யாரிடம் பயில்வது என்று அவர்கள் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

டிலேயிடம் பின்னர் நைஜல் கென்னடி, மிடோரி, கில் ஷஹாம் ஆகியோர் பயின்றனர். இம்மூவருக்கும் பாணியில் உள்ள தொலைவு பெரிது. எனினும் டிலேயின் முறை கலாமியனின் முறையை முற்றிலும் மறுத்தது என்று கூற முடியாது. அவரும் நாள்தோறும் ஐந்து மணி நேரப் பயிற்சியை வலியுறுத்தினார். அந்த நேரத்தைப் பயன்படுத்தும் பொறுப்பை மாணவரிடமே விட்டார் என்பதே வேறுபாடு.

வயலினும் பியானோவும் சேரும்போது

மெடோமவுண்டின் மூன்றாவது தூண் ஜோசப் ஜிங்கோல்ட். பெல்ஜிய மேதை யூஜின் இசாயியின் மாணவராகிய இவர், கிளீவ்லாந்து இசைக்குழுவின் முதல் வயலின் கலைஞராக இருந்தவர். மெடோமவுண்டில் அறையிசை வகுப்புகளை நடத்தினார். இரண்டு முதல் எட்டுப் பேர் வரை, நடத்துநர் இன்றிச் சேர்ந்து வாசிப்பது அறையிசை எனப்படும். வயலினும் பியானோவும் இணையும் சொனாட்டா அதன் முக்கிய வடிவங்களுள் ஒன்று.

சொனாட்டாவில் பியானோ வெறும் பக்கவாத்தியம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. வரலாறு அதற்கு மாறானது. பீத்தோவன் 1790களின் இறுதியில் வெளியிட்ட முதல் மூன்று சொனாட்டாக்களின் தலைப்பில் பியானோவிற்கே முதலிடம். வயலின் அதனுடன் சேர்வதாகக் குறிக்கப்பட்டது. 1886இல் சேசர் பிராங்க் எழுதிய புகழ்பெற்ற சொனாட்டாவில் இருவருக்கும் சமமான சுமை. இசாயியின் திருமணப் பரிசாக எழுதப்பட்ட படைப்பு அது. ஆகவே ஜிங்கோல்டிடம் இந்த வகை இசையைப் பயின்றவர்கள், அதன் தொடக்க மரபிற்கு மிக அருகில் இருந்தனர்.

தனியாகப் பயிலும்போது உருவான பாணி, சொனாட்டாவில் சோதனைக்கு உள்ளாகிறது. டிலே கேட்ட ஜி ஷார்ப் இதற்கும் எடுத்துக்காட்டாகும். பியானோவில் ஜி ஷார்ப், ஏ பிளாட் ஆகிய இரண்டிற்கும் ஒரே கட்டைதான். அதன் சுருதி முன்பே நிலைநிறுத்தப்பட்டது. வயலினில் விரலை மயிரிழை நகர்த்தினாலும் சுருதி மாறும். ஏ என்ற சுரத்தை நோக்கி ஏறும்போது ஜி ஷார்ப்பைச் சற்றே உயர்த்தி வாசிப்பது வயலின் கலைஞர்கள் பலரின் வழக்கம். ஆனால் பியானோ அதே சுரத்தை உடன் ஒலிக்கும்போது அவ்வுரிமை சுருங்குகிறது. எங்கே விட்டுக்கொடுப்பது, எங்கே தன் குரலை வைத்துக்கொள்வது என்று இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டும்.

பியானோ மாணவருக்கும் இதில் பாடம் உண்டு. வயலின் ஒரு சுரத்தை நீட்டிப் பெருக்கும்போது, தேய்ந்து போகும் தம் ஒலியை அதற்கு ஈடாக எவ்வாறு அமைப்பது என்று அவர் சிந்திக்கிறார். வயலின் கலைஞர் வில் திருப்பும் இடங்களில் இசை மூச்சுவிடுவதை உணர்கிறார். பாடுவது போல வாசிக்கப் பியானோ மாணவர்கள் பழகும் வழிகளுள் இதுவும் ஒன்று.

ஜோஷுவா பெல் பன்னிரண்டு வயதில் மெடோமவுண்டில் ஜிங்கோல்டைச் சந்தித்தார். பின்னர் இந்தியானா பல்கலைக்கழகத்தில் அவரிடமே பயின்றார். பீத்தோவன், பிராம்ஸ் ஆகியோரின் கான்செர்ட்டோக்களில், இசைக்குழு ஓய்ந்து வயலின் மட்டும் ஒலிக்கும் கடென்சா பகுதிகளைப் பெல் தாமே இயற்றி வாசிக்கிறார். பிறர் எழுதிய கடென்சாவை வாசிப்பதே பெருவழக்காகிவிட்ட காலத்தில் இது குறிப்பிடத்தக்கது.

ஒழுங்கு சற்றே தளர்ந்ததும் சிலருக்கு உதவியது. யோ யோ மா பதினைந்து வயதில் இங்கு வந்தார். கண்டிப்பான வீட்டிலிருந்து விலகியிருந்த அந்தக் கோடையில் ஒத்திகைகளுக்குப் போகாமல் இருந்ததையும், செல்லோவை மழையில் விட்டுவிட்டதையும் அவரே பிற்காலத்தில் கூறியுள்ளார். தன் விருப்பப்படி நடந்து பார்க்க அந்த இளைஞருக்குக் கிடைத்த வாய்ப்பு அது.

மார்ல்பரோ: ஆசிரியர் இல்லாத கோடை

மெடோமவுண்டிற்கு மாறான வழியில் சென்றது, வெர்மாண்ட் மாநிலத்தில் 1951இல் தொடங்கிய மார்ல்பரோ இசை விழா. பியானோ கலைஞர் ருடால்ஃப் செர்கின், வயலின் கலைஞர் அடால்ஃப் புஷ், புல்லாங்குழல் கலைஞர் மார்செல் மோய்ஸ் முதலியோர் இதன் நிறுவனர்கள். இங்கே வகுப்பு என்று ஒன்று இல்லை. மூத்த கலைஞர்களும் இளையவர்களும் ஒரே குழுவில் அமர்ந்து வாரக்கணக்கில் ஒத்திகை செய்வர். ஒத்திகை செய்த எல்லாவற்றையும் மேடையேற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை. உணவறையில் மூத்தவர்களும் உணவு பரிமாறுவர். காகிதக் கைத்துணியை உருட்டி ஒருவர் மேல் ஒருவர் எறியும் விளையாட்டில் செர்கினும் கலந்துகொள்வார்.

இளையவர் ஒருவர் தம் கருத்தைச் செர்கினின் எதிரில் சொல்லி, அதை வாசித்துக் காட்டவும் வேண்டும். பணிவோடும் துணிவோடும் பேசப் பழகுவதே இங்குக் கிடைத்த பயிற்சி. பியானோ கலைஞர்கள் மரே பெராயா, ரிச்சர்ட் கூட் ஆகியோர் இளமையில் இங்கு வந்தவர்கள். 1964இல் இங்கே உருவான குவார்னேரி நால்வர் குழுவின் முதல் வயலின் கலைஞர் ஆர்னால்ட் ஸ்டைன்ஹார்ட், கலாமியனின் மாணவர். நால்வரும் ஒரே குரலாக ஒலிக்க வேண்டும் என்று அக்குழு கருதவில்லை; ஒவ்வொருவரின் தனித்தன்மையும் கேட்கும்படி வாசித்தது.

மதிப்பீடு

மெடோமவுண்டின் முறை மாணவர்களின் நாதத்தை ஒருபடித்தானதாக்குகிறது என்ற குறை கூறப்பட்டதுண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. பெரிய அரங்கிற்கேற்ற உறுதியான ஒலியை எல்லோரும் கற்றதால் பொதுச்சாயல் ஒன்று அமைந்தது. இப்பொதுச்சாயலைக் கடந்தவர்களிடம் மூன்று வாய்ப்புகள் அமைந்திருந்ததைக் காணலாம்: தனிமையில் தம் ஒலியைத் தாமே கேட்கும் நீண்ட நேரம், விடையை உடனே தராமல் வினாவை எழுப்பும் ஆசிரியர், தம்மிலிருந்து வேறுபட்டு வாசிக்கும் தோழர். மெடோமவுண்டில் முதலாவது எல்லோருக்கும் கட்டாயமாகக் கிடைத்தது. மற்ற இரண்டும் மாணவர் யாரைச் சந்தித்தார் என்பதைப் பொறுத்து அமைந்தன.

பிற்காலத்து முயற்சி ஒன்று இதனைக் கருத்தில் கொண்டது போலத் தோன்றுகிறது. டோபி பெர்ல்மன் இளமையில் மெடோமவுண்டில் வயலின் பயின்றவர். அங்கே இட்சாக் பெர்ல்மனின் வாசிப்பைக் கேட்டு வியந்து, பின்னர் அவரை மணந்தவர். 1990களில் அவர் நிறுவிய கோடைத் திட்டம் இப்போது நியூயார்க் மாநிலத்தின் ஷெல்டர் தீவில் நடைபெறுகிறது. தந்தி வாத்தியம் பயிலும் சிறுவர்கள் காலையில் தனியே பயிற்சி செய்கின்றனர். பின்னர் அறையிசை பழகுகின்றனர். அத்துடன் எல்லோரும் நாள்தோறும் சேர்ந்து பாடுகின்றனர். வயலினையும் வில்லையும் கீழே வைத்துவிட்டுத் தம் சொந்தக் குரலால் ஓர் இசைவரியைப் பாடிப் பார்க்கும் மாணவர், எங்கே மூச்சுவிட வேண்டும் என்பதைத் தாளில் உள்ள குறிப்பைப் பாராமலே அறிந்துகொள்கிறார்.